ஈயத் தகட்டை எறிந்த இடம்

என் மனைவியின் தமையன் ஒரு கள்ளன். என் வீட்டுக்கு வந்து, என் சோற்றைத் தின்றுவிட்டு, அடுத்த நாள் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து என் பொருளை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் எறிந்தவன். எடுத்ததை அவன் மறுக்கவில்லை. எறிந்ததையும் மறுக்கவில்லை. எங்கே எறிந்தான் என்பதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தப் பொருள் ஓர் ஈயத் தகடு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நான்காக மடித்தது. ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு கமக்காரரின் உழுத வயலில், நான்கு வருடம் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு நடந்து நான் கண்டெடுத்த ஒரேயொரு உருப்படியான சாமான். ஆணிகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மச்சானைத் தெரியும். டாக்சி ஓடுகிறவன். ஒஸ்லோவின் தெற்கே ஹவுகெட்டோவில் இருக்கிறான். எங்கள் ஆட்களின் விழாக்களில் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டான். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் என் மனைவி என்னோடு கதைக்க மாட்டாள். இப்போதே குறைவாகத்தான் கதைக்கிறாள்.

நான் ஹவுகன்ஸ்டுவாவில் நாலாம் மாடியில் இருக்கிறேன். பேருந்து கழுவும் வேலை. விடியப் போனால் மத்தியானத்தோடு முடிந்துவிடும். என்னோடு வேலை செய்த நோர்வேக்காரன் ஒருவனுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. அவன்தான் தன் பழைய கருவியை என் தலையில் கட்டினான். நீண்ட தடி, அடியில் தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்போன். நிலத்துக்கு மேலே தட்டை அசைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் சத்தம் கேட்கும். கிண்டிப் பார்க்க வேண்டும். கிண்டிய குழியை மூட வேண்டும். இவ்வளவுதான் தொழில்.

ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஊருக்குப் போய் வந்த எல்லோரும் கண்ணிவெடி அகற்றுகிறவர்களைப் படம் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதனால் நான் கருவியோடு நிற்பதை முதலில் பார்த்தவன் எல்லாம் ஒரே பகிடியைத்தான் விட்டான். தொடக்கி வைத்தவன் மச்சான்.

“என்ன மச்சான், வெடி எடுக்கப் பழகுறியோ? நல்லாப் பழகு. பலாலிப் பக்கம் உனக்கு ஆயுசுக்கும் வேலை இருக்கு.”

ஒரு பிறந்தநாள் விழாவில், முப்பது பேருக்கு முன்னால் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும், “அண்ணை, ஏதும் அம்பிட்டுதோ?” என்பதுதான் எனக்கு வணக்கம். நான் என்ன சொன்னாலும் அடுத்த வார்த்தை தயாராக இருந்தது. ஒன்றுமில்லை என்றால், “ஒளிக்காதேங்கோ, நாங்கள் பங்கு கேக்க மாட்டம்.” ஆணி என்றால், “சேர்த்து வையுங்கோ, வீடு கட்டலாம்.”

அம்பிட்டவற்றை ஓர் ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு வைத்தேன். ஆணி, குதிரை லாடத்து ஆணி, சோடாப் பேணியின் வளையம், துவக்குத் தோட்டாவின் கோது, காற்சட்டைப் பொத்தான், உழவு இயந்திரத்தின் ஏதோ ஒரு துண்டு. பெட்டி பாரமானதும் மனைவி பல்கனிக்கு அனுப்பினாள். “உதை உள்ளை வைச்சால் கறள் துருவெல்லாம் சோத்துக்கைதான் வரும்,” என்றாள். இரண்டாம் வருடம் இரண்டாவது பெட்டியும் பல்கனிக்குப் போனது.

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நோர்வேக்காரர்களை இரண்டொரு தரம் சந்தித்திருக்கிறேன். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நல்ல காற்று, நல்ல நடை, மனதுக்கு அமைதி என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. காற்று வேண்டுமென்றால் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு இருக்கலாம். ஒற்றைக் கையால் தடியைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் சப்பாத்துப் புதைய, மூன்று மணித்தியாலம் நடப்பது காற்று வாங்கவா? கிடைக்க வேண்டும் என்றுதான் போனேன். கிடைக்காத நாட்களில் எரிச்சலோடுதான் ரயில் ஏறினேன். அமைதி கிடைத்தது என்று பொய் எழுத மாட்டேன்.

பிறகு ஏன் போனேன் என்று கேட்டால், அதற்குப் பாட்ஸ்பியோர்டைச் சொல்ல வேண்டும்.

வடக்கே, அந்தக் கடற்கரை ஊரின் மீன் தொழிற்சாலையில் நானும் மச்சானும் ஒரே மேசையில் நின்றோம். அப்போது எனக்கு அவனுடைய தங்கச்சியைத் தெரியாது. மேசை கண்ணாடி. அடியில் லைட் எரியும். தோல் நீக்கிய மீன் துண்டை அதில் வைத்தால் உள்ளே இருக்கும் புழுவும் முள்ளும் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் எடுத்துவிட்டு அடுத்த துண்டு. எட்டு மணித்தியாலம் நின்றபடி. எவ்வளவு எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எதை விட்டாய் என்றுதான் கேட்பார்கள். பெட்டியில் எங்கள் இருவரின் இலக்கமும் சேர்ந்து ஒட்டியிருக்கும். மச்சான் கதைத்துக்கொண்டே வேலை செய்கிறவன், கண் மேசையில் இருக்காது. அவன் விட்ட புழுக்களுக்கு நானும் ஏச்சு வாங்கினேன். “விடு மச்சான், வெள்ளைக்காரன் அவிச்சுத்தானே தின்னப்போறான்,” என்பான்.

ஆறு வருடம் அப்படித் தேடினேன். ஒன்றும் கிடைக்கக் கூடாது என்று தேடினேன். வயலில் அதே கண், அதே முதுகு நோ. ஆனால் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று தேடுவது எனக்குப் புதிதாக இருந்தது. கிடைக்காவிட்டால் ஏசுவதற்கும் ஆள் இல்லை. அதற்காகத்தான் போனேன். வேறு பெரிய காரணம் இல்லை.

கமக்காரர் வயதானவர். அனுமதி கேட்டு நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறைதான் தலையை ஆட்டினார். விதைக்க முன்னும் அறுவடைக்குப் பின்னும் மட்டும், வேலியைத் திறந்தால் மூட வேண்டும், ஏதும் பழைய பொருள் கண்டால் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் மிகப் பழைய பொருள் யார் கையில் அகப்பட்டாலும் அது அரசாங்கத்துக்குச் சொந்தம். கண்டவன் அறிவிக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். அது பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பொருள் எனக்கு வேண்டாம். கண்டது நான் என்று ஒரு கடதாசியில் எழுதினால் போதும் என்றிருந்தேன்.

நாலாம் வருடம், ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். சோடா வளையத்தின் சத்தம் மாதிரியே இருந்தது. குந்தியிருந்து கிண்டினேன். சாம்பல் நிறத்தில், மடித்த சுவிங்கம் கடதாசி மாதிரி ஒன்று வந்தது. குப்பைக்கென்று வைத்திருக்கும் பொக்கற்றுக்குள் போட்டும்விட்டேன். இரண்டு அடி நடந்த பிறகுதான் அதன் பாரம் எனக்கு உறைத்தது. அந்த அளவுக் கடதாசிக்கு அவ்வளவு பாரம் இல்லை. எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரலால் மண்ணைத் தள்ளினேன். மேல் பக்கத்தில் கீறல்கள். உழவு இயந்திரம் கீறியது இல்லை. வரிசையாக, ஒரே உயரத்தில், ஆள் இருந்து கீறிய கீறல்கள்.

கமக்காரரின் கதவைத் தட்டிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தன் தகப்பன் காலத்துச் சாமான் இல்லை என்றார். அவருடைய தொலைபேசியிலிருந்தே தொல்லியல் அலுவலகத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் கதைத்தாள். அளவு கேட்டாள், நிறம் கேட்டாள், மடித்திருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டாள். அவளுடைய குரல் மாறியது. விரிக்க வேண்டாம், கழுவ வேண்டாம், மென்மையான கடதாசியில் சுற்றிப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள், திங்கட்கிழமை காலையில் கொண்டு வாருங்கள் என்றாள். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன் இந்த நாட்டு ஆட்கள் ஈயத்தில் மந்திரம் எழுதி மடித்து நோய் வராமல் வைத்துக்கொண்டதாகவும், இது அப்படியொன்றாக இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னாள். என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினாள்.

இந்த இடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை வரை இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாலு வருடப் பகிடி வயிற்றுக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்த கையோடு மச்சானுக்கு எடுத்தேன்.

“மச்சான், அம்பிட்டிட்டுது.”

“என்ன, வீடு கட்ட ஆணி போதுமாமோ?”

“மந்திரத் தகடு. அரசாங்கம் திங்கக்கிழமை கொண்டரச் சொல்லியிருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. நான் அவன் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

மனைவி குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தகட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். கீறல்களில் ஒன்று, ஒரு நேர்கோடும் மேலே இரண்டு பக்கமும் விரிந்த கைகளுமாக இருந்தது. இங்கத்தைய பழைய எழுத்துகளில் அப்படியொன்று உண்டு என்று பிறகு அறிந்தேன். அவள் அதைத்தான் பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, இது சூலமெல்லே!”

“சூலமில்லை, எழுத்து.”

“சூலம் எனக்குத் தெரியாதோ? மடிச்சு மண்ணுக்கை தாட்டிருக்கினம். இது செய்வினை. ஆரோ எங்கடை ஆக்கள்தான் செய்திருக்கினம்.”

“அந்தக் காட்டுக்கை, நோர்வேக்காரன்ரை உருளைக்கிழங்கு வயலுக்கை, எந்தத் தமிழன் ரயிலேறிப் போய்ப் புதைக்கப்போறான்?”

“நீங்கள் போறியள்தானே!”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வருடம் அவளுக்குப் பனியில் வழுக்கிக் கை முறிந்திருந்தது. மகள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தை இரண்டாம் தரமும் கோட்டை விட்டிருந்தாள். இவற்றுக்கெல்லாம் ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவள் கையில் நான் கொண்டுவந்து காரணத்தைக் கொடுத்தேன். தகடு கிடைத்தது இன்று, கை முறிந்தது தை மாதம் என்று சொன்னேன். அதெல்லாம் முன்னுக்கே வேலை செய்யுமாம்.

சனிக்கிழமை மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். அழைக்காமல் வந்தான். தகட்டைத் தொடமாட்டேன் என்றான். பெட்டியை மேசையில் வைக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மீன் மேசையில் இவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தால் நான் ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

“இதை வீட்டுக்கை வைச்சிருக்கப்படாது மச்சான்.”

“ரெண்டு நாள்தான். திங்கள் குடுத்துடுவன்.”

“குடுத்தா அவங்கள் விரிச்சுப் பாப்பாங்கள். விரிச்சா அது எடுத்தவனுக்குத்தான் திரும்பும்.”

“இது அவங்கடை மந்திரமடா. எங்களுக்கு அவங்கடை பழைய பாஷை தெரியாதது மாதிரி மந்திரத்துக்கு எங்கடை பாஷை தெரியாது.”

“நக்கலடிக்காதை. மந்திரம் எண்டு நீயே சொல்லிப்போட்டாய்.”

இன்றைக்கும் எனக்குப் பெரிய எரிச்சல் அதுதான். அவன் சொன்னதில் பாதி சரி. அது மடித்துத் தாட்ட மந்திரத் தகடாகத்தான் இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு நோர்வேப் பெண், தன் கை முறிந்ததற்கோ பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததற்கோ, என் மனைவியைப் போலவே பயந்து எழுதுவித்திருப்பாள். அதைக் காட்டக்கூடிய ஒரே சாமானைத்தான் இந்த மடையன் தண்ணீரில் போட்டான்.

ஞாயிறு எனக்கு வேலை முறை. வீட்டுக்கு வந்தபோது குசினியில் கற்பூர மணம். பிளாஸ்டிக் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவி! அந்தப் பெண் மண்ணைக்கூடக் கழுவ வேண்டாம் என்றவள். மனைவி என் முகத்தைப் பார்க்காமல் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணை வந்தவர்.”

அவ்வளவுதான் சொன்னாள். மகள்தான் அறையிலிருந்து வந்து முழுவதையும் சொன்னாள். தான் தடுத்துப் பார்த்ததாகவும், மாமா கேட்கவில்லை என்றும் சொன்னாள். “அது ஸ்டேட்டின்ரை சாமான் மாமா, போலிஸ் கேஸ் வரும் எண்டு சொன்னனான் அப்பா. போலிஸுக்கும் சேர்த்துத்தான் கழிப்புக் கழிக்கிறன் எண்டார்.” தகட்டில் சுண்ணாம்பு தடவி, வெற்றிலையில் வைத்துச் சுற்றிக் கொண்டுபோனானாம்.

மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“எங்கை எறிஞ்சனி?”

“ஓடுற தண்ணியிலை.”

“எந்தத் தண்ணி?”

“அதைச் சொல்லப்படாது. எறிஞ்சவன் திரும்பிப் பாக்கவும்படாது, இடம் சொல்லவும்படாது. சொன்னா அதே வழியாலை வந்திடும்.”

“வந்தா வரட்டும், எனக்கு வரட்டும். இடத்தைச் சொல்லடா!”

“உனக்கெண்டா விட்டிருப்பன் மச்சான். என்ரை தங்கச்சியெல்லே அந்த வீட்டிலை இருக்கிறா.”

வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை காலை வெறுங்கையோடு போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று மகள் பிறகு சொன்னாள். வருகிறேன் என்று சொன்னவன் போக வேண்டும். அந்தப் பெண் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி வைத்திருந்தாள். இன்னொருவரையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். நான் என் நோர்வே மொழியில் சொன்னேன். மனைவியின் அண்ணன், சூனியம், பயம், ஆறு. இந்தச் சொற்களை அந்த மொழியில் அடுக்கிப் பார்த்தால் எவ்வளவு பெரிய பொய் மாதிரி இருக்கிறது என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. பேனாவை எடுத்து, “எங்கே எறிந்தார்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். பேனாவை வைத்துவிட்டாள். வெள்ளைத் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

இரண்டு கிழமை கழித்துக் கமக்காரரிடம் போனேன். தொல்லியல் அலுவலகத்திலிருந்து தன்னிடமும் தொலைபேசியில் விசாரித்தார்களாம். நான் அதை விற்றிருக்கக்கூடுமா என்று கேட்டார்களாம். “நான் தெரியாது என்று சொன்னேன்,” என்றார். அந்தத் தெரியாது என்ற சொல் எனக்குக் குத்தியது. அவர் கண்ணால் பார்த்த மனிதர். நான் அவர் கதவில் நின்று காட்டிய பொருள். அடுத்த வருடம் வயலுக்கு யாரையும் விடுவதாக இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மரியாதையாகத்தான் சாத்தினார்.

அதன் பிறகு நான் வயலுக்குப் போகவில்லை. ஆற்றுக்குப் போகிறேன். என் வீட்டுப் பக்கம் அல்னா ஓடுகிறது. மச்சான் வீட்டுக்குக் கீழே ஓர் ஆறு கடலுக்குப் போகிறது. இரண்டுக்கும் இடையில் அவனுடைய டாக்சி எங்கே நின்றது என்று யாருக்குத் தெரியும்? தொடை வரை வரும் றப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு, பாலம் பாலமாக, மூன்று இளவேனில் தேடியிருக்கிறேன். கருவியின் தட்டு தண்ணீரில் நனையலாம், மேற்பெட்டி நனையக் கூடாது. அதனால் கையைத் தூக்கிப் பிடித்துத்தான் நடக்க வேண்டும். சைக்கிள் பூட்டு கிடைத்தது. திறப்புகள் கிடைத்தன. கடையில் சாமான் தள்ளும் வண்டி ஒன்று முழுதாகக் கிடைத்தது. தகடு தண்ணீரில் அடிபட்டுக் கீழே போயிருக்கும் என்று தெரியும். சேற்றுக்குள் கிடந்தால் கிடக்கும் என்றும் தெரியும். பாலத்துக்கு மேலே போகும் எங்கள் ஆட்கள் எட்டிப் பார்த்து, “அண்ணை, மீனோ?” என்று கேட்கிறார்கள். நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இப்படி ஒன்றும் கிடைக்காமல் தேடுவதில் பயன் உண்டா என்று மகள் ஒருநாள் கேட்டாள். வயலில் தேடியபோது பயன் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, கமக்காரருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஆணியும் எனக்குச் சம்மதம். ஆற்றில் அப்படி இல்லை. இடம் தெரிந்த ஒருவன் ஹவுகெட்டோவில் சாய்மனைக் கதிரையில் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்ததை நான் முழங்கால் விறைக்கத் தேடுகிறேன். இதில் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் விட மாட்டேன்.

மனைவி சொல்கிறாள், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கெட்டதும் நடக்கவில்லையாம். மகளும் பாடத்தைப் பாஸ் பண்ணிவிட்டாள். மூன்றாம் தரம் படித்து எழுதியவள் அவள், பாராட்டு அவனுக்கு.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் போன தைப்பொங்கல் விழா. மச்சான் மேடையில் ஏறி, ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தக் குளிர் நாட்டிலும் நம்முடைய வழக்கங்கள் குடும்பங்களைக் காப்பாற்றுகின்றன என்று பேசினான். நிலத்துக்குள் கிடந்த தீயது ஒன்றைத் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்த ஒருவரைத் தான் எப்படிக் காப்பாற்றினேன் என்று கதையாகச் சொன்னான். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. முந்நூறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். நான் எழுந்து, “எங்கை எறிஞ்சனி எண்டு சொல்லு,” என்று கத்தினேன். பின்னால் இருந்த ஒருவர் என் தோளைப் பிடித்து, “இருங்கோ அண்ணை, சின்னப் பிள்ளையளின்ரை நடனம் இருக்கு,” என்றார். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

மச்சான், இப்போது பாட்டு இல்லை. மந்திரம் திரும்பி வரும் என்றால் வர வேண்டிய விலாசம் என்னுடையது. உன் தங்கச்சிக்குப் பயம் என்றால் அவள் இரண்டு நாள் உன் வீட்டில் வந்து இருக்கட்டும். அதே மண்டபத்தில், அதே ஒலிவாங்கியில், அதே ஆட்களுக்கு முன்னால் ஏறி நின்று மூன்று விசயம் சொல். எடுத்தது நீ என்று சொல். நான் விற்கவில்லை என்று சொல், அதை நோர்வே மொழியிலும் சொல், அந்த அலுவலகத்துப் பெண்ணையும் கமக்காரரையும் நான் கூட்டி வந்து முன்வரிசையில் இருத்துவேன். பிறகு இடத்தைச் சொல். எந்த ஆறு, எந்தப் பாலம், எந்தப் பக்கம்?